பாசியும் பாலன்ஸ் ஷீட்டும்

பாசி என்றால் நமக்கு வழுக்கும். அவ்வளவுதான் தெரியும். கிணற்றடி, கோயில் குளத்துப் படிக்கட்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி என்று எங்கே பார்த்தாலும் பிரஷ் போட்டுத் தேய்த்துத் துரத்துகிற ஜென்மம். ஆனால் விஞ்ஞானிகளில் ஒரு கோஷ்டிக்கு மட்டும் பாசியைப் பார்த்தால் அடுப்பு எரிவது தெரிகிறது. எழுபது வருஷமாகத் தெரிகிறது. 'பாசியை வளர்த்து, காற்றுப் புகாத தொட்டியில் போட்டு மூடினால் எரிவாயு ரெடி. வெயில் இலவசம், சாக்கடைத் தண்ணீர் இலவசம், தரிசு நிலமே போதும்' என்கிற செய்தியை நீங்களும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை படித்திருப்பீர்கள். கூடவே பச்சைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்களின் கலர் போட்டோ ஒன்று இருக்கும்.

'இலவசம்' என்ற வார்த்தை ஒரே வரியில் இரண்டு தடவை வந்தால் என் கை தானாக பர்ஸைத் தடவிப் பார்க்கும். பி.காம். படித்த தோஷம். விஞ்ஞானத்தை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்ளட்டும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று நாம் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம், வாருங்கள்.

அடிப்படை விஷயம் ரொம்ப சிம்பிள். சாணமோ, இலை தழையோ, மீந்த சோறோ, காற்று இல்லாத இடத்தில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை ரிலே ரேஸ் மாதிரி கைமாற்றிக் கைமாற்றித் தின்னும். ஒரு கோஷ்டி பெரிய மூலக்கூறுகளை உடைக்கும். அடுத்த கோஷ்டி அதை அமிலமாக்கும். கடைசி கோஷ்டி மீத்தேனாக வெளியே விடும். வருகிற வாயுவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு. 1776-ல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, வந்த குமிழிகளைப் பிடித்துப் பற்றவைத்துப் பார்த்தவர் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா. பிற்பாடு பாட்டரி கண்டுபிடித்த அதே வோல்ட்டா. 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்தில் சாக்கடைத் தொட்டி வாயுவில் தெருவிளக்கே எரிந்திருக்கிறது. நம் கிராமத்து சாண எரிவாயுக் கலனும் இதே சங்கதிதான்.

ஆக, எரியுமா என்பது கேள்வியே இல்லை. ஜோராக எரியும். கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

1950-களில் கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்ட், கிளாரன்ஸ் கோலூக்கி என்று இரண்டு பேர். சாக்கடைத் தண்ணீர்க் குளத்தில் வளர்ந்த பாசியை மூடிய தொட்டியில் போட்டு வாயு எடுத்துப் பார்த்து 1957-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாயு வந்தது. ஆனால் ஒரு சங்கடம். பாசி செல்லுக்கு மேல்சட்டை கெட்டி. நுண்ணுயிர்களால் எளிதில் கிழிக்க முடியவில்லை. வாரக்கணக்கில் உள்ளே ஊறிய பிறகும் சில செல்கள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் முழுசாகவே வெளியே வந்தன.

இரண்டாவது சங்கடம், பாசியில் புரதம் அதிகம். நமக்கு அது நல்ல செய்தி. தொட்டிக்குள் இருக்கிற நுண்ணுயிர்களுக்கு இல்லை. புரதம் சிதைந்தால் அம்மோனியா வரும். அது ஓர் அளவைத் தாண்டினால் மீத்தேன் தயாரிக்கிற கோஷ்டி வேலைநிறுத்தம் செய்துவிடும். அவர்களுக்குத் தோதான சாப்பாட்டில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இருபது முப்பது பங்கு கார்பன் இருக்க வேண்டும். பாசியில் பத்துகூடத் தேறாது.

மூன்றாவது சங்கடம்தான் கணக்குப்பிள்ளைகளுக்கு உரியது. தண்ணீர்.

குளத்துப் பாசி பார்க்கத்தான் கெட்டிப் பச்சை. ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்து வடிகட்டி உலர்த்தினால் அரை கிராம் பாசி கிடைத்தால் நல்ல விளைச்சல். ஒரு கிலோ உலர்ந்த பாசியிலிருந்து தாராளமாகவே போட்டாலும் 300 லிட்டர் மீத்தேன். இனி உங்கள் சமையலறைக்கு வாருங்கள். 14.2 கிலோ காஸ் சிலிண்டரில் இருக்கிற வெப்பம் பாசியிலிருந்து வர வேண்டுமானால் ஏறத்தாழ 18 கன மீட்டர் மீத்தேன் வேண்டும். அதற்கு 60 கிலோ உலர் பாசி. அதற்கு 1,20,000 லிட்டர் குளத்துத் தண்ணீரைக் கையாள வேண்டும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி தெருவில் வருமே, அதில் பத்து லாரி. ஒரே ஒரு சிலிண்டருக்கு!

இடம்? நல்ல வெயிலில், நன்றாகப் பராமரித்த குளம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் பாசி தரும் என்று வையுங்கள். மாதம் ஒரு சிலிண்டருக்கு 100 சதுர மீட்டர் குளம் வேண்டும். ஒரு டூ பெட்ரூம் ஃப்ளாட்டின் பரப்பளவு. வெந்நீர் வைக்க ஒரு ஃப்ளாட், குடியிருக்க இன்னொரு ஃப்ளாட். தவிர, குளத்துத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருக்க மோட்டார், பாசியை வடிக்க இயந்திரம், தொட்டியைச் சூடாக வைக்க எரிபொருள். வந்த வாயுவில் ஒரு பங்கு இவற்றுக்கே காணிக்கை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பாசியிலிருந்து டீசல் எடுக்க நினைக்கிறவர்கள் அதை உலர்த்தி, பிழிந்து, எண்ணெயைப் பிரிக்க வேண்டும். வாயு எடுப்பவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டு ஈரத்தோடேயே தொட்டிக்குள் தள்ளலாம். அந்த வகையில் இரண்டில் இதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் கணக்கு இடிக்கிறது. ஏன்?

ஏனென்றால் வாயுவுக்காகவே பாசி வளர்க்கிறோம். தவிட்டுக்காக யாராவது நெல் பயிரிடுவார்களா? அரிசிக்காகப் பயிரிடுகிறார்கள். தவிடு கூடவே வருகிறது. உழவு, நடவு, களையெடுப்பு, ரைஸ் மில் கூலி எல்லாவற்றையும் அரிசியின் கணக்கில் எழுதிவிடுவதால்தான் தவிட்டுக்கு அந்த விலை. காமர்ஸ் பாஷையில் உபபொருள். எல்லாச் செலவையும் தவிட்டின் தலையில் கட்டினால் மாடு பட்டினிதான்.

இந்தச் சின்ன விஷயத்தைப் பெரிய பெரிய இடங்களில் மறந்திருக்கிறார்கள். சாம்பிளுக்குச் சில.

1970-களில் அமெரிக்கக் கடற்படை விஞ்ஞானி ஹோவர்ட் வில்காக்ஸ் ஒரு திட்டம் போட்டார். நடுக்கடலில் கயிறு கட்டி ராட்சசக் கடல்பாசி வளர்ப்பது. மேல்மட்டத் தண்ணீரில் சத்து போதாது என்பதால் ஆழத்துத் தண்ணீரை பம்ப் வைத்து மேலேற்றுவது. பாசியை அறுத்து மீத்தேன் எடுப்பது. தெற்குக் கலிபோர்னியக் கரையோரம் சோதனைப் பண்ணைகள் போட்டார்கள். அலையும் புயலும் பாசியைப் பிய்த்துக்கொண்டு போயின. 1980-களில் எண்ணெய் விலை இறங்கியதும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

கடல்பாசி என்றதும் நம் ராமநாதபுரம் கடற்கரை நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் தண்ணீரில் மூழ்கி எடுக்கிற பாசி எங்கே போகிறது? அகர், ஆல்ஜினேட் தயாரிக்கிற ஆலைகளுக்கு. வளர்ப்புப் பாசியிலிருந்து கராஜீனன். இவையெல்லாம் ஐஸ்க்ரீமிலும் டூத்பேஸ்ட்டிலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கிற சரக்கு. அவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்ததை அடுப்பில் போடச் சொன்னால் அந்தப் பெண்கள் நம்மைத்தான் கடலில் தள்ளுவார்கள். தள்ளட்டும். நியாயம் அவர்கள் பக்கம்.

1978-ல் அமெரிக்க எரிசக்தித் துறை பாசி ஆராய்ச்சிக்கென்றே தனித் திட்டம் ஆரம்பித்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாசி ரகங்களைச் சேகரித்தார்கள். சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவழித்து, 1996-ல் மூடினார்கள். பாசி எண்ணெய் பெட்ரோலிய டீசல் விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அப்புறம் 2009-ல் எக்ஸான்மொபில் நிறுவனம், 60 கோடி டாலர் வரை போடுவோம் என்று பாசி எண்ணெய்க்காகக் களமிறங்கியது. டி.வி. விளம்பரங்கள் வருஷக்கணக்கில் பச்சைப்பசேலென்று ஓடின. 2023-ல் சத்தமில்லாமல் நிதியை நிறுத்திக்கொண்டார்கள்.

பாசியை விடுங்கள். தரையில் விளைகிற பயிர்? ஜெர்மனிக்காரர்கள் அதையும் பார்த்துவிட்டார்கள். 2004-ல் சட்டத்தைத் திருத்தி, பயிர் போட்டு பயோகேஸ் எடுத்து மின்சாரம் தயாரித்தால் போனஸ் என்று அறிவித்தார்கள். விவசாயிக்குக் கணக்குத் தெரியாதா? கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். நாட்டையே சோளக்கொல்லையாக்குகிறார்கள் என்று கேலி செய்ய ஜெர்மன் மொழியில் புதுசாக ஒரு வார்த்தையே புழக்கத்துக்கு வந்தது. நிலக் குத்தகை ஏறியது. கடைசியில் 2012-ல், தொட்டியில் போடுகிற சரக்கில் சோளமும் தானியமும் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே அரசாங்கம் கடிவாளம் போட்டது. விஞ்ஞானம் அங்கே தோற்கவில்லை. தவிட்டுக்காக நெல் பயிரிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது பாசிக்கு வேறு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். கணக்கு தலைகீழாகிறது.

சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரத்தைக் குடிப்பது எது தெரியுமா? தொட்டிக்குள் காற்றை ஊதுகிற இயந்திரம். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். கரண்ட் பில்லில் பெரும்பங்கு அதற்கே போகிறது. பாசி வளர்கிற குளத்தில் அந்த ஆக்ஸிஜனைப் பாசியே வெயிலில் தயாரித்துத் தந்துவிடும். கூடவே சாக்கடையில் இருக்கிற நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று தீர்க்கும். பெர்க்லி ஆஸ்வால்ட் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். பாசியின் முதல் வேலை துப்புரவு. வாயு என்பது அதற்குக் கிடைக்கிற தவிடு.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில் இருக்கிற சிக்லானா என்கிற ஊர். அக்வாலியா என்ற தண்ணீர் நிறுவனம் ஐரோப்பிய யூனியனின் நிதி உதவியோடு 2011-ல் ஆரம்பித்தது. ஊர்ச் சாக்கடையைப் பாசிக் குளங்களில் விட்டு, பாசியை வடித்து, மூடிய தொட்டியில் வாயு எடுத்து, கரியமில வாயுவைக் கழித்து, மிஞ்சிய மீத்தேனில் கார் ஓட்டினார்கள். ஓடியது. கவனியுங்கள்: சாக்கடையைச் சுத்தம் செய்வது எப்படியும் அந்த ஊரின் செலவு. பாசி வந்ததால் செலவு குறைந்தது. கார் ஓடியது உபரி.

'அப்படியானால் கூவம் கரையில் நாளைக்கே ஆரம்பிக்கலாமே' என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. பாசிக் குளத்துக்கு ஆளுக்குச் சில சதுர மீட்டர் இடம் வேண்டும். கிரவுண்டு கோடி ரூபாய் விற்கிற நகரத்துக்கு நடுவே இது ஆகாது. ஊரோரம் நிலமும் வெயிலும் இருக்கிற சின்ன நகராட்சிகளுக்கு ஆகும். பெரிய நகரங்கள் தங்கள் குப்பைத் தொட்டியைப் பார்ப்பதுதான் உத்தமம்.

அம்மோனியா சங்கடத்துக்கும் வழி இருக்கிறது. பாசிக் கசடோடு பழைய பேப்பரைச் சரிக்குச் சரி கலந்து போட்டபோது மீத்தேன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது என்று யென், புரூன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-ல் எழுதினார்கள். பேப்பரில் கார்பன் அதிகம், நைட்ரஜன் துளி. வைக்கோலும் அதே ஜாதி. ஒருவரிடம் உப்பு அதிகம், மற்றவரிடம் உப்பே இல்லை. கலந்தால் சாப்பாடு ருசிக்கிறது. ஏரிகளை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகாயத்தாமரையை நகராட்சிகள் ஜே.சி.பி. வைத்து வாரிக் கரையில் குவிக்கின்றன. வாரிய கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கரையில் அழுகுகிற அதைத் தொட்டிக்குள் அழுக வைப்பதற்குத்தான் யோசனை தேவை. 1970-களிலேயே அமெரிக்காவின் நாஸா, ஆம், ராக்கெட் விடுகிற அதே நாஸா, மிஸிஸிப்பியில் ஆகாயத்தாமரையை வைத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்து, செடியிலிருந்து வாயுவும் எடுத்துப் பார்த்தது.

இனி நம் நாட்டுப் பாலன்ஸ் ஷீட்.

2018 அக்டோபரில் மத்திய அரசு 'சதத்' என்று ஒரு திட்டம் அறிவித்தது. வைக்கோல், சாணம், நகரக் குப்பை, சர்க்கரை ஆலைக் கழிவு இவற்றிலிருந்து அழுத்தப்பட்ட பயோகேஸ். 2023-24-க்குள் 5,000 ஆலைகள், வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி டன் வாயு என்பது இலக்கு. சரக்கைப் பொறுத்தவரை தேர்வு பிரமாதம். எல்லாமே தவிடு ஜாதி. ஜெர்மனிக்காரர்கள் செய்த தப்பு இதில் இல்லை. ஆனால் கெடு முடிந்தபோது இலக்கில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

ஏன்? ஆலை கட்டுவது சுலபம். ஆலைக்குச் சாப்பாடு போடுவது கஷ்டம். பஞ்சாபில் லெஹ்ராகாகா என்ற ஊரில் 2022-ல் ஒரு பெரிய ஆலை திறந்தார்கள். முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு 300 டன் வைக்கோல், 33 டன் வாயு. நெல் அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும். ஆலையோ வருஷம் முழுக்கத் தின்னும். அத்தனை வைக்கோலையும் அந்தச் சில வாரங்களுக்குள் சுருட்டி, கட்டி, ஏற்றி, மழை படாமல், தீப்பிடிக்காமல் அடுக்கி வைக்க வேண்டும். இது உயிரியல் இல்லை ஐயா, கோடவுன் நிர்வாகம்! மறுபக்கம், வாயு போக மிஞ்சுகிற கசடை உரமாக யார் வாங்குவது? விற்காமல் தேங்கியதால்தான் டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை என்று 2023-ல் அரசு அறிவிக்க வேண்டியிருந்தது.

ஓடுகிற உதாரணமும் இருக்கிறது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை ஒரு நாளைக்கு 550 டன் ஈரக் குப்பை வாங்கி, சுமார் 17 டன் வாயு தரும் திறன் கொண்டது. நகரப் பேருந்துகள் அதில் ஓடுகின்றன. ரகசியம் இயந்திரத்தில் இல்லை. வீட்டு வாசலிலேயே ஈரம் வேறு, உலர்ந்தது வேறு என்று பிரித்து வாங்குகிற பழக்கத்தை அந்த நகராட்சி அதற்கு முன்பே வருஷக்கணக்கில் ஊருக்கு ஏற்படுத்தியிருந்தது. நாமும் பிள்ளையார் சுழி போட்டவர்கள்தான். கோயம்பேடு மார்க்கெட்டில் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க 30 டன் ஆலை 2005-லேயே வந்தது. இந்தூருக்குப் பதினேழு வருஷம் முன்னால்! அந்த மார்க்கெட்டில் ஒரு நாளைக்குச் சேருகிற கழிவு அதைப்போலப் பல மடங்கு. அந்த ஒரு விதையிலிருந்து சென்னை முழுக்க ஆலைகள் முளைத்திருக்க வேண்டும். முளைத்ததா என்று உங்கள் தெருக் குப்பை லாரியைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

'போனால் போகட்டும், ஆலை இல்லாவிட்டால் என்ன நஷ்டம்' என்று கேட்க முடியாது. நாம் தொட்டி கட்டாவிட்டாலும் குப்பைமேட்டுக்குள் அதே நுண்ணுயிர்கள் அதே ரிலே ரேஸை ஓடி அதே மீத்தேனைத் தயாரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. பிடிக்க ஆள் இல்லாததால் ஆகாயத்துக்குப் போகிறது. நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததை அந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் தேவையான இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ பாதியைக் கப்பலில் வரவழைக்கிறோம். இன்னொரு பக்கம் இருக்கிற வாயுவைக் குப்பைமேட்டில் புகையவிட்டு மூச்சுத் திணறுகிறோம்.

என் குறையெல்லாம் நாம் எதை எண்ணுகிறோம் என்பதில்தான். வீட்டுச் சாண எரிவாயுக் கலன்கள் நாடு முழுக்க ஐம்பது லட்சம் கட்டியாயிற்று என்கிறது அரசுக் கணக்கு. கட்டியது ஐம்பது லட்சம் சரி, இன்று காலையில் காப்பி போட்டது எத்தனை? கட்டியதை எண்ணுவது மூலதனக் கணக்கு. ஓடுவதை எண்ணுவதுதான் லாப நஷ்டக் கணக்கு. முதலாவதை மட்டும் காட்டுகிற கம்பெனியின் ஷேரை நீங்கள் வாங்குவீர்களா?

குழாய் காஸிலும் வாகன காஸிலும் பயோகேஸ் கலந்தே ஆக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. 2025-26-ல் ஒரு சதவீதம் என்று ஆரம்பித்து, 2028-29-ல் 5 சதவீதம். ஆக, இன்னும் நிறைய ரிப்பன் வெட்டுவார்கள், இன்னும் நிறைய மானியம் போகும். அது உங்கள் பணம், என் பணம். எனவே ஒரு சின்ன கோரிக்கை. பெட்ரோல் பங்க் வாசலில் அன்றைய விலையைப் போர்டில் எழுதி வைக்கிறார்கள் இல்லையா? அதுபோல ஒவ்வொரு பயோகேஸ் ஆலை வாசலிலும் நாலே நாலு வரி எழுதி வைக்கட்டும். நேற்று உள்ளே போன சரக்கு எத்தனை டன். வெளியே வந்த வாயு எத்தனை கிலோ. ஆலை தானே தின்ற மின்சாரம் எத்தனை யூனிட். விற்ற உரம் எத்தனை டன். பாசியோ, வைக்கோலோ, கோயம்பேட்டு முட்டைக்கோஸோ, எல்லோருக்கும் ஒரே போர்டு.

மானியத்தைத் திறப்பு விழா மேடையில் தர வேண்டாம். அந்தப் போர்டைப் பார்த்து, மாதாமாதம் தந்தால் போதும்.